என் பாதியில் இருக்கிற கிணறு

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பை வந்தது, பூட்ஸ் வந்தது, இடுப்பு மட்டும் இன்னும் விமானத்திலேயே இருக்கிறது.

விடுதியில் எட்டுப் பேர் படுக்கிற அறை. எனக்கு மேல்கட்டில். கீழே படுத்திருக்கும் பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. நான் ஏணியில் ஏறுகிற அழகைப் பார்த்துவிட்டு, மாற்றிக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, வேண்டாம் என்றேன். இப்போது ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் அந்த ரோஷத்தைத் திட்டிக்கொண்டே இறங்குகிறேன்.

போனில் பேச வேண்டாம் என்று நாம் முடிவு செய்தது நல்லதுதான். போன வருஷம் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் அங்கிருந்து நான் பேச, என் குரலைக் கேட்டு அப்பா அழுது, தட்டைத் தள்ளிவிட்டு, நீ பட்ட பாடு போதும். கடிதம் என்றால் நீ கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம். அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு.

நேற்று முதல் கோட்டை. ஒரு சுவர், அதற்குப் பின்னால் இன்னொரு சுவர், அதற்குப் பின்னால் டிக்கெட் கொடுக்கிறவர். கால் வலிக்கிறதே என்று இடிந்த மதில்மேல் கொஞ்சம் சாய்ந்தேன். உடனே காவலாளி விசில் ஊதினான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடல் தாண்டி வந்தாலும் அப்பா விடமாட்டார் போலிருக்கிறது!

ஒரு தப்பு நடந்துவிட்டது அக்கா. எங்கள் அச்சகத்து கட்டிங் மெஷினில் வைத்து வழிகாட்டிப் புத்தகத்தை இரண்டாக வெட்டினேனே, ஆற்றுக்கு வடக்கே எனக்கு, தெற்கே உனக்கு என்று. வரைபடம் கடைசிப் பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது உன் பாதியோடு போய்விட்டது. வழி கேட்டுக் கேட்டே வாய் வலிக்கிறது. மெஷின்காரர் அன்றைக்கே சொன்னார், "படிக்கிற புஸ்தகத்தை இப்படிக் கூறு போடுறீங்களே, உருப்படுமா?" என்று.

ஏப்ரல் பத்தாம் தேதி வந்துவிடுவேன். அதற்கப்புறம் நீ கிளம்பலாம். பையும் பூட்ஸும் உனக்கு, அப்பா எனக்கு. பூட்ஸ் உனக்குக் கொஞ்சம் பெரிசுதான். முன்னால் பஞ்சு வைத்துக்கொள். மருந்துக்கடைக்காரிக்குப் பஞ்சுக்கா பஞ்சம்!

சின்னவள்


மார்ச் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. கோட்டைக்கு நாலு வரி, ஏணிக்கு அதைவிட அதிகம். இதற்காகவா அவ்வளவு தூரம் போனாய்?

இங்கே எல்லாம் வழக்கம் போல. காலையில் அப்பாவைப் புரட்டித் துடைத்து, சட்டை மாற்றி, சாப்பாடு ஊட்டிவிட்டுக் கடைக்கு ஓடுகிறேன். நடுவில் எதிர்வீட்டு நர்சம்மா வந்து பார்க்கிறார். மதியம் ஓடிவந்து மறுபடி ஊட்டிவிட்டு மறுபடி கடை. நேற்று ஒருத்தருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வயிற்று மருந்தை எடுத்து நீட்டிவிட்டேன். நல்லவேளை, அவரே படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். முதலாளி, "கொஞ்சம் முகம் கழுவிட்டு வாங்கம்மா" என்றார். அதுவே போதுமே, மானம் போக.

அந்த விசிலின் ஆட்டம்தான் தாங்கவில்லை. வாய் குழறிப்போன மனுஷன் கூப்பிட ஏதாவது வேண்டாமா என்று அவருடைய பழைய கண்டக்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டவள் நீ. ஒன்று ஊதினால் வா, இரண்டு ஊதினால் போ என்று சட்டம் போட்டவளும் நீ. நீ கிளம்பியதிலிருந்து ஒன்றுதான் ஊதுகிறார். தண்ணிக்கு ஒன்று, தலையணைக்கு ஒன்று, ஈ உட்கார்ந்தால் ஒன்று. இரண்டு ஊதி நான் கேட்கவே இல்லை.

சாயங்காலம் அவருக்கு என் பாதிப் புத்தகத்தைப் படித்துக் காட்டுகிறேன். ராஜா வாழ்ந்தார், ராணி கட்டினாள் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பஸ் போகும் வழி வந்தால் மட்டும் முழித்துக்கொண்டு, "நடுவுல எத்தனை ஸ்டேஜ்?" என்கிறார். அந்த ஒன்றை மட்டும் குழறாமல் கேட்கிறார்.

என் பாதி ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்குகிறது, கவனித்தாயா? தெற்கில் முதல் ஊரில் ஏதோ ஒரு படிக்கிணறு. அதன் மீதி வாக்கியம் என்னிடம் இருக்கிறது, ஆரம்பம் உன் கடைசிப் பக்கத்தில் இருக்கும். எழுதி அனுப்பு. நான் முதலில் அங்கேதான் போகப் போகிறேன். வெயில் படாத இடமாம். படிகளில் உட்கார்ந்தால் மேலே தெருவில் பேசுவதுகூடக் கேட்காதாம். சின்னவளே, அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சாப்பாட்டைக் குறைக்காதே. கையெழுத்தைக் கொஞ்சம் புரியும்படி எழுது.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை விடுதி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். இருமல் மருந்து விஷயத்தை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

கோட்டைக்கு நாலு வரிதான் என்று குறைப்பட்டுக்கொண்டாயே, உண்மையைச் சொல்லட்டுமா? அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. நேற்று ஒரு கல்லறை மண்டபம். அதற்கு முந்தைய நாள் ஒரு அரண்மனை, கூரை இல்லை. அதற்கு முந்தைய நாள் என்னவென்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் அதே நீளமான வரிசை, அதே பாட்டில் தண்ணீர், அதே "தொடாதீர்கள்" பலகை. நம் சமையலறைச் சுவரில் இந்த ஊர்ப் படங்களை ஒட்டி வைத்துக்கொண்டு எவ்வளவு கனவு கண்டோம்! ஒன்றாகப் போனால் நீ ஏதாவது சொல்லியிருப்பாய், நான் மறுத்துப் பேசியிருப்பேன், பொழுது போயிருக்கும். தனியாக ஒரு தூணை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

பை தோளை அறுக்கிறது. துணி துவைத்துக் காயப்போட்டால் மறுநாளும் ஈரம். எனக்கே என்மேல் வாடை வருகிறது.

ஆற்றங்கரையில் இருக்கிற மதில் ஊருக்கு வந்துவிட்டேன். என் பாதி இத்தோடு சரி. நீ கேட்ட கடைசி வரி இதுதான்: "கிணற்றின் கடைசிப் படியில் நின்று மேலே நோக்கினால் தெரிவது". அவ்வளவுதான். அதற்கப்புறம், வெட்டின ஓரம் பிரியாமல் இருக்க நான் தடவிய பசைதான். என்ன தெரியுமாம்? நீயாவது சொல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஸ் போய்க்கொண்டே இருக்கிறது, ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பத்தாம் தேதி பார்க்கலாம்.

சின்னவள்


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் காய்ச்சல். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் பை தூக்க முடியவில்லை. பயணத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன். எவ்வளவு நாள் என்று உடம்பு சரியானதும் எழுதுகிறேன். உன் டிக்கெட்டையும் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று பார்.

மதில் ஊரிலேயேதான் இருக்கிறேன். விடுதி சுத்தமாக இருக்கிறது. இங்கே எனக்குக் கீழ்க்கட்டில் கிடைத்துவிட்டது. படுத்தபடியே ஜன்னலில் பார்த்தால் தெருமுனையில் ஒரு கடிகாரக் கோபுரம். கடிகாரத்துக்கு முள்ளே இல்லை. மணி என்னவென்று தெரியாமல் படுத்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

பதிலை மதில் ஊர் விடுதிக்கே போடு.

அப்பாவிடம் காய்ச்சல் என்று சொல்லாதே.

சின்னவள்


ஏப்ரல் 19

சின்னவளுக்கு,

பொய் சொல்வதற்காவது கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம்.

முள் இல்லாத கடிகாரக் கோபுரம் என் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, படத்தோடு. ஆற்றுக்குத் தெற்கே. அதற்குப் பின்தெருவில் கிணறு. அந்த ஊரில் அடுக்குக்கட்டில் போட்ட விடுதி ஒன்றே ஒன்றுதான் என்றும் அதே பக்கத்தில் போட்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை அந்த விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். உன் கைக்குக் கிடைத்தால் நான் சொன்னது சரி என்று அர்த்தம். கிடைக்காவிட்டால் உனக்கு உண்மையிலேயே காய்ச்சல், நான் பாவி.

என் பாதியில் உனக்கு என்னடி வேலை?

நான் கேட்டது நாற்பது நாள். முதலாளியிடம் வெட்கத்தை விட்டுக் கெஞ்சி வாங்கின லீவு. விசா ஜூனோடு முடிகிறது. "தங்கச்சி வந்துட்டாளா, வந்துட்டாளா" என்று நர்சம்மா கேட்கும்போதெல்லாம், அவருக்கும் சலித்துவிட்டது என்று எனக்குப் புரிகிறது. போன வாரம் உன் வருகைக்காக அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டு, புதுச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்து உட்காரவைத்தேன். அன்றைக்கு முழுக்க விசிலே ஊதவில்லை. சாயங்காலமாகியும் நீ வரவில்லை, கடிதம்தான் நேற்று வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு நீ எதிரில் இருந்தால் கன்னம் பழுத்திருக்கும். ஆத்திரப்படக்கூட உடம்பில் தெம்பில்லை, அதுதான் நிஜம். பாத்திரம் தேய்க்கும்போது நின்றபடியே தூங்குகிறேன்.

அந்த வாக்கியத்தின் மீதி என்னிடம் இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

வா.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

கடிதம் என் கைக்கு வந்தது. விடுதிக்காரப் பெண் சிரித்துக்கொண்டே நீட்டினாள். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாக்கு சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கிளம்ப வேண்டிய நாளில் பஸ் நிலையத்துக்குப் போனேன். விமான நிலையம் போகிற பஸ் நின்றிருந்தது, பக்கத்தில் ஆற்றைத் தாண்டுகிற பஸ். பையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றேன். அப்போது யாரோ விசில் ஊதினார்கள். பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லி ஊதின விசில், வேறொன்றும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இனி இருக்கப் போகிறேன், நீ இல்லாமல், நான் ஒருத்தியாக, என்று நினைத்தேன். கால் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டது.

உன் பாதியைப் பார்க்கவேண்டும் என்று வரவில்லை அக்கா. எதையும் பார்க்கிற ஆசை எனக்குப் போய் எவ்வளவோ நாளாகிறது. வீட்டுக்கு வரப் பயந்து வந்தேன். இத்தனை வருஷமாக நீ செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? நான் துணியை மடிப்பேன், நீ அவரைப் புரட்டுவாய். நான் மருந்துப் பெட்டியை எடுத்துக் கொடுப்பேன், நீ விழுங்க வைப்பாய். தனியாகச் செய் என்றால் என்னால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முடியாது என்று உன்னிடம் சொல்ல வெட்கம். அதனால் காய்ச்சல் என்றேன்.

கிணற்றுக்குப் போனேன். ஆனால் இறங்கவில்லை. மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். தினமும் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். நம்பினால் நம்பு. அது உன்னுடையது.

மே ஆறாம் தேதி காலை வந்து இறங்குகிறேன். நீ அன்றைக்கே கிளம்பு. விமான நிலையத்திலேயே பையைக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து கொடுத்தால், இன்னும் ஒரு நாள் இரு என்று நான் உன் காலைப் பிடிப்பேன்.

சின்னவள்


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

போய்ச் சேர்ந்தாயா? கிணற்று ஊர் விடுதிக்கே எழுதுகிறேன், அங்கேதான் முதலில் போவாய் என்று தெரியும்.

விமான நிலையத்து நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பூட்ஸைக் கழற்ற, நீ செருப்பைக் கழற்ற, போகிறவர் வருகிறவர் எல்லாம் நம்மையே பார்த்தார்கள். நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கைப்பையிலிருந்து பஞ்சுச் சுருளை எடுத்துப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டே இருந்தாய். "நாறுது" என்று ஒரு வார்த்தை சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மீதிப் பஞ்சை எடுத்துப் போனாயே, நல்லவேளை அலமாரியில் இன்னொரு சுருள் இருந்தது. திட்டாதே. மூன்றாம் நாளே விசிலுக்குள் கொஞ்சம் பஞ்சை அடைத்துவிட்டேன். அவர் ஊதுகிறார், புஸ் புஸ் என்று காற்றுதான் வருகிறது. என்னை முறைக்கிறார். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். நர்சம்மா கண்டுபிடித்துவிட்டார். "உங்கக்கா இத்தனை வருஷமா இதைச் செய்யலையேம்மா" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பஞ்சை எடுக்கவில்லை.

அவரைப் புரட்டக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிலிலிருந்து விழப் பார்த்தோம். ஊட்டும்போது பாதி என் சட்டையில். நீ இருந்தவரைக்கும் சின்னவ எங்கே, சின்னவ எங்கே என்பாராமே? இப்போது காலையில் எழுந்ததும் "பெரியவ?" என்கிறார். நான்தான் வந்துட்டேனேப்பா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யார் வீட்டில் இல்லையோ அவர்கள்தான் இந்த மனுஷனுக்கு வேண்டும்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். நீ வருவாய்தானே? நான் செய்ததை நீயும் செய்தால் கேட்க எனக்கு வாய் இல்லை. ஊரைவிட்டு ஊர் போய்க்கொண்டே இருக்கலாம் என்று உனக்கும் தோன்றினால் அது நியாயம்தான், என்னைவிட உனக்குத்தான் அதிகம் நியாயம். இதை இரண்டு தடவை எழுதி அடித்தேன். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

சின்னவள்


ஜூன் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விடுதிக்காரப் பெண் எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி தூங்கினேன்.

நீ நம்பமாட்டாய். வந்ததிலிருந்து அதுதான் செய்கிறேன். பட்டியல் போட்டு வைத்திருந்தேனே, கோட்டை, மாடம், பாலம் என்று? எதற்கும் போகவில்லை. எழுந்து ரொட்டியும் டீயும் சாப்பிடுவது, படுப்பது. இந்த அறைக்குள் வந்து போகிற பிள்ளைகள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். முள் இல்லாத கடிகாரம் ஜன்னலில் தெரிகிறது. நீ எழுதியது சரிதான், நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் படித்த அன்றைக்கு உன்னை எப்படித் திட்டினேன்!

நேற்றுத்தான் கிணற்றுக்குப் போனேன். மேல்படியில் நின்று, இங்கேதானே உட்கார்ந்திருப்பாள் என்று பார்த்தேன். நம்பினேன். அப்புறம் இறங்கினேன். உன் பூட்ஸ் ஒவ்வொரு படிக்கும் டொக்கு டொக்கு என்றது. கீழே போகப் போகக் குளிர்ச்சி. தெருச்சத்தம் குறைந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுதேன் என்று நினைக்கிறேன், கன்னம் ஈரமாக இருந்தது.

சரி, மேலே பார்க்கலாம் என்று எழுந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து மேலிருந்து விசில். ஒன்று. நீளமாக.

"வந்துட்டேன்ப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன் சின்னவளே. அத்தனை படியும். மூச்சிரைக்க மேலே வந்து நின்றால் காவலாளி. மூடுகிற நேரமாம். என் கோலத்தைப் பார்த்து அவர் பயந்துபோய், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கை இரண்டையும் ஏந்தியபடி நின்றிருக்கிறேன், அப்பாவைத் தூக்குகிற மாதிரி.

மேலே பார்க்கவே இல்லை.

விடுதிக்கு வந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் கிளம்பிய காலை, நர்சம்மாவிடம் அவரை விட்டுவிட்டு, "போய்ட்டு வரேன்ப்பா" என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினேன், திரும்பவில்லை. தெருவில் இறங்கி, வண்டியில் ஏறப் போகும்போது உள்ளேயிருந்து கேட்டது. இரண்டு. நன்றாகத் தெளிவாக, வண்டியைக் கிளம்பச் சொல்லி ஸ்டாப்பிங்கில் ஊதுவாரே அந்த மாதிரி. எனக்குத்தான் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்த இரண்டைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தவள், இங்கே எவனோ ஊதின ஒன்றுக்கு ஓடுகிறேன் பார்.

நீ கேட்டதற்குப் பதில்: பதினைந்தாம் தேதி வருகிறேன். தேதி மாறாது. உனக்கு ஒன்றும் தெரியாது, நான் இல்லாவிட்டால் முடியாது என்று நீ எழுதியிருந்தால் ஒருவேளை வராமல் இருந்திருப்பேன். புரட்டக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினாயே, அதனால்தான் வருகிறேன்.

வாக்கியத்தின் மீதியைச் சொல்லிவிடுகிறேன், பாவம் எவ்வளவு நாள்தான் காத்திருப்பாய்? "ஒரு கையளவு வானம் மட்டுமே; கூரை இருந்ததா என்பது தெரியவில்லை." அவ்வளவுதான். இதற்காகத்தான் நீ ஆற்றைத் தாண்டினாய். போனால் போகிறது, புத்தகக்காரர் பார்த்தது அது. நான் இன்னும் பார்க்கவில்லை. நாளைக்கு மறுபடி இறங்கப் போகிறேன்.

பூட்ஸிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து வைத்திருக்கிறேன். நாறுகிறது, பரவாயில்லை. நீ விசிலில் அடைத்த பஞ்சை எடுத்துவிடு. அவர் ஊதட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் ஊதட்டும். பதினைந்தாம் தேதி வரைக்கும் பஞ்சு என் காதில் இருக்கும்.

அக்கா